நாற்பது வெற்றிலையும் பதினான்கு மாதச் சிங்களமும்

இந்த வலைப்பக்கத்தில் இதுவரை நான் எழுதியதெல்லாம் அருவி, கோயில், எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி இல்லை என்கிற ரகம். இந்தத் தடவை மார்ச் இரண்டாம் வாரம் இலங்கையின் பதுளைப் பக்கம் போய் வந்தேன். பேருந்து நேரம், செலவு, தூரம் எல்லாம் வழக்கம்போல உண்டு. ஆனால் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு ஆளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்டது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதில் எனக்கே இன்னும் குழப்பம். படித்துவிட்டு நீங்கள் சொன்னால் நல்லது.

முதலில் காரணம். திருச்சியில் எனக்கு ஒரு சலவைக் கடை இருக்கிறது. அதற்கு முன் ஆறு வருடம் தோஹாவில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டேன். அறையில் எனக்கு மேல்கட்டிலில் படுத்தவன் சுனில், பதுளைப் பக்கத்துச் சிங்களவன். அவனுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியும், எல்லாம் சாப்பாட்டுப் பெயர். எனக்குச் சிங்களத்தில் நாலு வார்த்தை, எல்லாம் திட்டு. மீதியை இருவருக்கும் பாதி தெரிந்த இந்தியை வைத்து ஒப்பேற்றினோம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. அரபுப் பெரியவர்கள் விசேஷத்துக்குப் போடுகிற, ஓரத்தில் சரிகை ஓடும் கறுப்பு அங்கி ஒன்றை அழுத்து எந்திரத்தில் வைத்திருந்தேன். வீட்டிலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசினேன், மூன்று நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தால் புகை. பக்கத்து மேசையில் நின்ற சுனில் ஓடிப்போய் எந்திரத்தின் மேல்தட்டைத் தூக்கிவிட்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். எந்திரத்தின் மேல் கை வைத்து நின்றவன் சுனில்தான்.

பதற்றத்தில் அவனுக்கு இந்தி மறந்துபோய்ச் சிங்களத்தில் கொட்டினான். எந்திரத்தைக் காட்டினான், கதவைக் காட்டினான், என்னைக் காட்டினான். மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பி, "உன் அறைக்காரன்தானே, என்ன சொல்றான்?" என்றார். சிங்களமே தெரியாத ஒருவனுக்கும் அது புரிந்திருக்கும். நான் "புரியல சார்" என்றேன். பதினோராவது நாள் சுனிலை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது ஊருக்கே எழுதுகிறேன்.

ஏன் இத்தனை வருடம் கழித்து என்று கேட்பீர்கள். ஒருநாள் கடையில் கறுப்பு கோட் ஒன்றை விரித்துவிட்டு, இஸ்திரி போடாமலே மடித்து வைத்தேன், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்பதென்றால் அவன் மொழியில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கொழும்பில் இருக்கும் ஒரு ஆசிரியரிடம் இணையத்தில் வாரம் இரண்டு வகுப்பு, பதினான்கு மாதம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு சிங்களத்தில் முணுமுணுத்தபடி இஸ்திரி போடுவேன். வாடிக்கையாளர்கள் நான் மந்திரம் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள். முகநூலில் சுனிலைத் தேடிப் பிடித்து, "நான் வருகிறேன்" என்று சிங்கள எழுத்திலேயே அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படமும் அவன் வீட்டு வரைபடக் குறியும் வந்தன. அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து பதுளைக்குக் காலை 6.30 மணிப் பேருந்து. சுமார் 230 கிலோமீட்டர், ஏழு மணி நேரம். ரயில்தான் அழகு என்று எல்லோரும் சொல்வார்கள், முன்பதிவு கிடைத்தால் அதில் போங்கள். எனக்குக் கிடைக்கவில்லை. சுனிலைப் பார்க்கும்வரை தமிழும் ஆங்கிலமும் பேசுவதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன். பரீட்சைக்கு முன் ஒத்திகை மாதிரி.

அந்த வைராக்கியத்தை முதலில் சோதித்தவர் நடத்துநர். "பதுளைக்கு ஒரு பயணச்சீட்டு தர இயலுமா?" என்று மூச்சு விடாமல் சிங்களத்தில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் தொகையைச் சொன்னார். பெரகலச் சந்தியில் தேநீருக்கு நிறுத்தினார்கள். கடைக்காரரிடம் "எவ்வளவு?" என்று சிங்களத்தில் கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை, ஆசிரியரே மெச்சிய உச்சரிப்பு. "நூத்தி இருபதுங்க" என்று தமிழில் பதில் வந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. தமிழன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன? பேருந்துக் கண்ணாடியில் பார்த்தேன். சட்டைப்பையில் திருச்சி நகைக்கடை ஒன்றின் பெயர் போட்ட பேனா இருந்தது. எடுத்துப் பைக்குள் போட்டேன்.

மதியம் 1.40க்குப் பதுளை. பேருந்து நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடையில் ஒரு அறை, 4,500 இலங்கை ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றரை என்று போட்டுக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருந்த சிங்களப் பெண்ணிடம் வெந்நீர் வருமா என்று கேட்டேன். மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டி "ஹரி, ஹரி" என்றார். சரி, சரி என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டி ஒரு இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் என்ன கேட்டேன், அவர் என்ன எடுத்துக்கொண்டார், இன்றுவரை தெரியாது. ஒரு சலவைக்காரனைத் தேடி இஸ்திரிப் பெட்டி வந்ததும் என் தைரியம் பாதி போய்விட்டது.

மறுநாள் காலை 7.40க்குப் பசறை வழியாக லுணுகலை போகும் பேருந்து. சுனில் வீடு லுணுகலைக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிங்களக் கிராமத்தில். 9.20க்கு இறங்கினேன். இறங்குகிற இடத்திலேயே ஒரு சின்னக் கடை. பாண் என்கிற ரொட்டி, பருப்பு, சோப்பு, வெற்றிலை. சுவரில் மாதா படம் போட்ட நாட்காட்டி. கடையில் இருந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் ஸ்டெல்லா என்று பின்னால் தெரிந்தது.

என் ஆசிரியர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். சிங்களவர்கள் மன்னிப்புக் கேட்கும்போது வெற்றிலைக் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் நீட்டி வணங்குவது உண்டு, நாற்பது வெற்றிலை வைப்பது வழக்கம் என்று. அதனால் நான் சிங்களத்தில், "நாற்பது வெற்றிலை வேண்டும். சுனில் வீட்டில் கொடுக்க வேண்டும். முக்கியமான விஷயம்" என்றேன். அவரும் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பிடிபடவில்லை. "ஆமாம்" என்று சொல்லிவைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார். அதில் சுனில் மனைவிக்கென்று வாங்கிய பட்டுப்புடவைப் பெட்டியும் இரண்டு கிலோ இனிப்பும் இருந்தன. முகமெல்லாம் சிரிப்பாகி, நல்ல தளிர் வெற்றிலையாகப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்துக் கட்டிக் கொடுத்தார்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். கையில் வெற்றிலை, புடவை, இனிப்பு. தட்டு ஒன்றுதான் குறை. நம் ஊரில் இப்படி ஒருத்தன் தெருவில் நடந்தால் பச்சைக் குழந்தைகூட எதற்கு வந்திருக்கிறான் என்று சொல்லிவிடும். எனக்கு மட்டும் உறைக்கவில்லை. என் மூளை முழுக்க வாக்கியங்கள்தான் இருந்தன. கடையிலிருந்து வீட்டுக்கு 1.2 கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவே ஏற்றம். போகும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த ஒன்பது வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே போனேன்.

நான் போய்ச் சேரும் முன்பே ஸ்டெல்லா அக்காவின் போன் போய்ச் சேர்ந்துவிட்டது.

வாசலில் சுனிலின் மனைவி மாலனி நின்றார். நாற்பது வயதிருக்கும், தலையை வாரி முடிந்து புதுச் சட்டை மாற்றியிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. சுனில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலையில் இருக்கிறான், மாலை ஐந்தரைக்கு மேல்தான் வருவான் என்றார். இது எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் நிலை தடுமாறி, சுனிலுக்காக வைத்திருந்த பேச்சை மாலனியிடமே தொடங்கிவிட்டேன். வெற்றிலையை இரண்டு கையாலும் நீட்டினேன். (இனிச் சிங்களத்தில் பேசியதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.)

என் ஒன்பது வாக்கியங்களும் ஏட்டுச் சிங்களம். பத்திரிகைத் தலையங்கத்தை நின்றுகொண்டே வாசிக்கிற மாதிரி இருந்திருக்கும். மாலனி வெற்றிலையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஹரி, ஹரி" என்றார். முடித்ததும் கேட்டார்.

"எப்போ?"

"ஏழு" என்றேன். ஏழு வருடத்துக்கு முன்னால் என்று சொல்ல வந்தேன், மீதிக்குச் சிங்களச் சொல் வரவில்லை.

"ஏழாம் தேதியா! எங்கே?"

"தோஹாவில்."

"அம்மோ! யாருக்கு, மகளுக்கா?"

யாருடைய தப்பு என்று கேட்கிறார் போல என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்து, "எனக்கு. நான்தான்" என்றேன்.

மாலனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு நாற்பத்தாறு வயசு, முன்மண்டையில் முடி இல்லை. அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தார். இரண்டு பெண்கள் வந்து என்னை எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மன்னித்துவிட்டார்கள், இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று கண்ணில் நீர் வேறு வந்தது. அதைப் பார்த்து அவர்கள் இன்னும் உருகிப்போனார்கள். மதியம் எனக்காகப் பால்சோறு கிண்டி, வாழையிலையால் தட்டி, சாய்சதுரமாக வெட்டி, மிளகாய்ச் சம்பலோடு வைத்தார்கள். நல்ல காரியத்துக்குச் செய்கிற சாப்பாடு அது. என்னை உட்காரவைத்துவிட்டு மாலனி நின்றுகொண்டே பரிமாறினார். மூன்று துண்டு சாப்பிட்டேன்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன உறுத்தல். புருஷனின் வேலையைத் தொலைத்தவனுக்கு யாராவது பால்சோறு போடுவார்களா? இந்த மக்கள் அவ்வளவு பெரிய மனசுக்காரர்களா, இல்லை நான்தான் எதையோ கோட்டை விட்டேனா? கொஞ்சம் காற்றாட நடந்து வருகிறேன் என்று கிளம்பி நேரே கடைக்குப் போனேன். வைராக்கியமாவது ஒன்றாவது. "அக்கா, உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன்.

ஸ்டெல்லா அக்கா கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தார். "அட, தமிழ் ஆளா நீங்க! காலையில சொல்லக்கூடாதுங்களா? நானும் யாரோ வெளிநாட்டுக்காரர் சிங்களம் பழகிட்டு வந்திருக்காருன்னு, மெதுவா, நல்ல சிங்களமா பேசுனேன். ஒண்ணுமே விளங்காத மாதிரி ஆமா ஆமான்னீங்க."

"என்ன கேட்டீங்க?"

"கல்யாணம் சொல்ல வந்தீங்களான்னு கேட்டேன். நீங்களும் ஆமான்னுட்டீங்க. வெத்தல, சேல, இனிப்பு. வேற என்ன நெனைக்கிறதுங்க? மாலனிக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன். இப்ப லயத்துல எல்லாருக்கும் தெரியும்."

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள். ஆக, ஒரு தோட்டம் முழுக்க என் கல்யாணச் செய்தி பரவியிருக்கிறது. திருச்சியில் மனைவி இருக்கிறாள், மகன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறான். கடைப் பலகையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன், முழுசாக. அக்கா பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "அப்ப நீங்கதானா அது" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுனில் வேலைய விட்டு வந்த கதை இங்க யாருக்குத் தெரியாது? மாலனியோட தம்பியையும் அதே ஓட்டலுக்குக் கூப்பிட்டுக்க எல்லாம் ஏற்பாடாகி இருந்துச்சு. இவரை அனுப்புனதும் அதுவும் நின்னுபோச்சு. ஒரு இஸ்திரிப் பெட்டியப் பார்த்துக்கத் தெரியாத மனுசன்னு மாலனி இன்னைக்கும் குத்திக்காட்டும். நான் இல்ல, நான் இல்லன்னு அவரும் சொல்லித்தான் பார்த்தாரு. எந்தப் பொண்டாட்டி நம்புவா?"

"நீங்க வந்து தமிழ்ல நான் சொல்றதை அவங்ககிட்ட சிங்களத்துல சொல்லுங்களேன்" என்றேன். பதினான்கு மாத உழைப்பை ஒரு நொடியில் தூக்கிப் போட்டேன்.

அக்கா யோசித்தார். "அது சரியா வராதுங்க. நாங்க தமிழாளுங்க சிங்கள ஆளுங்ககிட்ட சிங்களம் பேசிப் பேசியே பழகிட்டோம், அவங்களுக்குத் தமிழே தேவைப்படல. எப்பவும் நடுவுல நின்னு சொல்றது நாங்கதான். ஆனா இது உங்க வாயால வரணும். நான் சொன்னா கடைக்காரி சொன்ன கதையாப் போயிரும்." சொல்லிவிட்டு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

சுனில் 5.40க்கு வந்தான். உடம்பு பெருத்திருந்தான், மீசை நரைத்திருந்தது. வாசலிலேயே யாரோ அவனுக்கு என் தோஹாக் கல்யாணத்தைச் சொல்லிவிட்டார்கள். "மச்சாங்!" என்று கட்டிப்பிடித்தான். சட்டையில் பச்சைத் தேயிலை வாசம். மேசைமேல் இருந்த வெற்றிலைக் கட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் கழுவ வா என்று பின்பக்கக் குழாயடிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே நின்று ஒன்பது வாக்கியத்தையும் சொன்னேன். அவன் கைகளைக் கழுவிக்கொண்டே கேட்டான். பிறகு எங்கள் பழைய ஓட்டை இந்தியில் சொன்னான், "இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நான் அங்கேயேதானே நின்னேன், எனக்குத் தெரியாதா? அவகிட்ட சொல்லு."

"சொன்னேன். அவங்களுக்குப் புரியல. நீ கூட இருந்து எடுத்துச் சொல்லு."

"மாட்டேன். நான் சொன்னா, ஏழு வருசமா நான் சொல்ற அதே பேச்சாத்தான் அவ காதுல விழும்."

எனக்குக் கோபம் வந்தது. கடல் தாண்டி வந்து கேட்கிறேன், கை கொடுக்கக் கூடாதா என்று. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

உள்ளே மாலனி பால்சோற்றில் மிச்சமிருந்ததைச் சுனிலுக்கு எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன். ஒன்பது வாக்கியமும் சுத்தமாக மறந்துபோனது. அதுதான் நல்லதாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது, அப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலமாரியின் மேல் அவர்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"கல்யாணம் இல்லை" என்றேன். சிங்களத்தில் இரண்டே வார்த்தை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தோஹா. துணி. இந்தப் பெட்டி மாதிரி பெரிய பெட்டி. நான் வைத்தேன். போன் வந்தது. நான் வெளியே போனேன். துணி எரிந்தது. சுனில் ஓடி வந்தான். சுனில் தூக்கினான். பெரியவர் வந்தார். பெரியவர் என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை."

ஒரு குழந்தைகூட இதைவிட நன்றாகப் பேசும். இலக்கணமும் இல்லை, ஆசிரியர் சொல்லிக்கொடுத்த மரியாதைச் சொற்களும் இல்லை. மாலனி இந்தத் தடவை "ஹரி" என்று சொல்லவில்லை. "மறுபடி சொல்லுங்க" என்றார். மறுபடி சொன்னேன். "எரிச்சது யாரு?" என்றார். "நான்." சுனிலைக் காட்டி, "இவர் இல்லையா?" என்றார். "இல்லை. நான்." மூன்றாவது முறை முழுக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பதுளை வந்ததிலிருந்து என் சிங்களம் யாருக்காவது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது என்றால் அது அப்போதுதான். புரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிடம் மனசார நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சுனில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலனி பால்சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சோறும் கறியும் கொண்டுவந்து முதலில் சுனிலுக்கு வைத்தார். அவன் இலேசாகத் திடுக்கிட்டதைப் பார்த்தேன். விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரனுக்கு முதலில் வைப்பது அங்கேயும் வழக்கமில்லை. அவன் தட்டில் மீனைத் தேடித் தேடிப் போட்டார். அப்புறம்தான் எனக்கு வந்தது. என்னைத் தண்டிக்கிறாரா, அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாரா, இல்லை இந்த வேளையில் விருந்தாளியாவது ஒன்றாவது என்று நினைத்தாரா? மீன் குழம்பு நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறெதையும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரவு அங்கேயே தங்கச் சொன்னது சுனில்தான்.

போகிறவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே கொடுத்துவிடுகிறேன், கடைசியில் எழுத எனக்குத் தெம்பு இருக்காது. பதுளையிலிருந்து லுணுகலை சுமார் 40 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். காலையில் பேருந்து அடிக்கடி உண்டு, மதியத்துக்குமேல் குறைவு. மலைப்பாதையில் வாந்தி வருமென்றால் முன் இருக்கை பிடியுங்கள். மழை நாளில் இந்தப் பக்கம் மண் சரியும், கிளம்பும் முன் பாதையைப் பற்றி விசாரியுங்கள். இரண்டு இரவு, மூன்று பகலுக்கு, விமானக் கட்டணம் நீங்கலாக, எனக்கு நம் பணத்தில் எட்டாயிரம் ஆனது, புடவை தனி. மொழி விஷயத்தில், தோட்டப் பகுதியில் பாதிப் பேர் தமிழர்கள், நம் திருச்சி, மதுரைப் பேச்சுக்குப் பக்கத்துப் பேச்சு. முதலில் தமிழில் பேசிப் பாருங்கள். சிங்களம் கற்றுக்கொண்டு போவதானால் சின்ன வாக்கியங்களாகக் கற்றுக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் சரி சரி என்று தலையாட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அவர் கேள்வி கேட்டால்தான் உங்கள் பேச்சு உள்ளே போயிருக்கிறது. கையில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்பதை வாயைத் திறக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை 6.35 பேருந்துக்குக் கிளம்பினேன். எழுந்தபோது மாலனி வீட்டில் இல்லை. பாண் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள் என்றான் சுனில். என் பையை அவனே தூக்கிக்கொண்டு இறங்கினான். கடை முன்னால் தோட்டத்துப் பெண்கள் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரட்டு என்றால் காலையில் பெயர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள், கல்யாண மாப்பிள்ளை என்று. மாலனி கடைக்குள் ஸ்டெல்லா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் பாண் இல்லை.

வளைவில் பேருந்தின் ஹாரன் சத்தம் கேட்டதும் மாலனி வெளியே வந்து என் முன்னால் நின்றார். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்திருந்தார், ஒப்பிக்க வந்த பிள்ளை மாதிரி. மூச்சை இழுத்துக்கொண்டு, தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அன்னைக்கி. ஏன். சொல்லல?"

உச்சரிப்பு எல்லாம் கோணல். ஒரு எழுத்துகூடச் சரியான இடத்தில் விழவில்லை. கடைக்குள் ஸ்டெல்லா அக்காவின் உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்ததைப் பார்த்தேன். இத்தனை வருடம் இந்த மலையில் தமிழர்களோடு இருந்தும் தேவைப்படாத மொழியில், விடிவதற்குள் ஒரு கேள்வியைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு விளங்காமல் போக வழியே இல்லாதபடி.

பேருந்து வந்து நின்றுவிட்டது. நடத்துநர் பேருந்தின் பக்கத் தகட்டைத் தட்டினார். பெண்கள் வெற்றிலையை வாயில் வைக்காமல் நின்றார்கள். சுனில் என் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி நின்றான், அவனும் காத்திருந்தான். பதினான்கு மாதத்தில் படித்ததில் ஒரு சொல்லைத் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

"பயந்துட்டேன்" என்றேன். தமிழில்தான் வந்தது.

மாலனி ஸ்டெல்லா அக்கா பக்கம் திரும்பவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரையும் கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏறி, பேருந்து நகர்ந்து, வளைவு திரும்பும்வரை அப்படியேதான் நின்றார்.